வெள்ளைத்துணி அக்கா

அந்தப் பெண்கள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பிரசவத்துக்கு முந்தைய வார்டில், ஜன்னலோரமாக ஐந்து கட்டில்கள் தனியாகக் கிடக்கும். பிள்ளை பிறக்க இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கும்போதே பனிக்குடம் உடைந்து தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்ட பெண்களுக்கான கட்டில்கள் அவை. வார்டில் மற்ற கட்டில்களை ஆயாக்கள் நாலு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஐந்தை மட்டும் பகல் முழுக்க ஒருத்திதான். யாரும் அவளுக்கு ஒதுக்கிக் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட பிறகு, ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஒடிசலான உடம்பு, ஓட்டமும் நடையுமான போக்கு, வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் தண்ணிதான் பொழப்பு. நான் ஊத்துறேன், இவ காவல் காக்கிறா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட நாளில், சொல்லவில்லையே என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதை சிரிப்புக்கு உரியதல்ல. இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை, ஏழாம் மாதம். காலையிலிருந்து மாலை வரை இடுப்புக்குக் கீழே ஈரத்தோடேயே நிற்கிற வேலை. குழாயிலிருந்து தெறித்தது எது, தன் உடம்பிலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. உடுத்தியிருந்ததோ கருநீலப் பாவாடை. வயிறு கனத்தால் மூத்திரம் அடங்காது, எல்லாருக்கும் உள்ளதுதான் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவளும் நம்பினாள். ஐந்து நாள் அப்படியே போனது. ஆறாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வயிற்றுக்குள் துடிப்பு இல்லை. பனிக்குடம் உடைந்து இத்தனை நாள் ஆகியிருக்கிறதே, முதல் நாளே ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். பனிக்குடம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தான், எந்தக் குறையும் இல்லாமல். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அதே வாரம் சாப்பாட்டுக் கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பி, இந்த மருத்துவமனையில் ஆயாவாகச் சேர்ந்தாள். ஏன் இங்கே என்று யாராவது கேட்டால், பஸ் வசதி என்பாள்.

வெள்ளைத்துணி என்ற பட்டப்பெயர் வந்தது அவள் வார்டுக்கு வந்த மூன்றாம் வருடம். தண்ணீர் கசிகிற பெண்களுக்கு அப்போதெல்லாம் பழைய ஆபரேஷன் துணிகளைக் கிழித்து மடித்துக் கொடுப்பார்கள். எல்லாம் அடர்பச்சை. நனைந்தால் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். பெரிய டாக்டர் காலையில் வந்து, தண்ணீர் என்ன நிறம் என்று கேட்பார்; பச்சையாக மாறினால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். பெரிய டாக்டர் என்பது அந்தப் பிரிவுக்குத் தலைமையான அம்மா. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நகராத ரகம். நர்ஸ் சிஸ்டர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் ஒன்றும் இல்லை மேடம் என்பார். பச்சைத் துணியில் பச்சைத் தண்ணீர் எப்படித் தெரியும் என்று அவளுக்கு மட்டும் மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் நேராகத் துணிக் கிடங்குக்குப் போனாள். ஸ்டோர் கீப்பர் விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனிதர். வெள்ளைத்துணி படுக்கைக்கு, பச்சைத்துணி ஆபரேஷனுக்கு, கிழிசல் எது வருகிறதோ அது வார்டுக்கு என்றார். அவள் வாதாடவில்லை. மேசைமேல் இருந்த அவருடைய டீயை எடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அதில் பாதி டம்ளர் தண்ணீரைக் கலந்து, பச்சைத் துணியில் கொஞ்சம், தன் பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையில் கொஞ்சம் ஊற்றினாள்.

"இப்ப சொல்லுங்க சார். எதுல டீ தெரியுது, எதுல வெறும் தண்ணி மாதிரி இருக்கு?"

ஸ்டோர் கீப்பர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சையில் ஈரம் மட்டும் தெரிந்தது. கைக்குட்டையில் டீ, டீயாகவே தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இரண்டு மூட்டை வார்டுக்கு வந்துசேர்ந்தன. கூடவே அவருடைய டீக்கு ஒரு பதில் டீயும் அவள் அனுப்பிவைத்தாள் என்று சொல்வார்கள். அந்த விரிப்புகளை அளவாகக் கிழித்து, நாலாக மடித்து, ஓரம் தைத்து, கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் அறையில் கொடுத்து வாங்கி, அடுக்கி வைத்தாள். அதோடு ஒரு சட்டமும் போட்டாள். நனைந்த துணி எதுவும் இரண்டு பேர் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகக் கூடாது. ஒன்று அவள் கண், இன்னொன்று சிஸ்டர் கண். அவள் வீட்டுக்குப் போன பிறகு மற்ற ஆயாக்களும் முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்தார்கள். நிறம், வாடை, எவ்வளவு நனைந்தது என்று சிஸ்டர் எழுதுவார். ஒரு வருடத்துக்குள் அது வார்டின் வழக்கமாகிவிட்டது. அவளை எல்லாரும் வெள்ளைத்துணி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

கணக்கு டீச்சர் வந்தது இதற்கெல்லாம் பல வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்து நாலு வயது, கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு தரித்த கர்ப்பம், முப்பது வாரமும் மூன்று நாளும் ஆகியிருந்தது. முந்தின நாள் மூன்றாம் பாடவேளையில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கால் வழியே சூடாக ஏதோ இறங்கியது. கூட இருந்த ஆசிரியைகள், பிள்ளை மூத்திரப்பையை அழுத்துகிறது, அவ்வளவுதான் என்றார்கள். டீச்சர் இன்னும் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். காலையில் எழுந்தபோது மறுபடி படுக்கை ஈரம். மூத்திரத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வெளிநோயாளி வரிசையில் வந்து நின்றார்.

அக்கா அந்த வழியாகத் துணி மூட்டையோடு போனவள், வரிசையில் நிற்கிறவர் காலை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிற தினுசைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் போய்க் காதோடு காதாக என்ன என்று விசாரித்தாள். பிறகு மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவிக் கையில் கொடுத்தாள்.

"பாத்ரூம் போய் மூத்திரம் முழுசாப் போயிட்டு வாங்க. இதை வெச்சுக்கிட்டு அந்தப் பெஞ்சுல அரை மணி நேரம் சாஞ்சு உக்காருங்க. அப்புறம் எந்திரிச்சு நில்லுங்க. மூத்திரம்னா மஞ்சளாத் தெரியும், வாடை காட்டிக்குடுத்துரும். வாடையே இல்லாம நனைஞ்சா அது வேற. வரிசையை நான் சொல்லிக்கிறேன்."

அரை மணி நேரம் தேவைப்படவில்லை. பத்தாவது நிமிடம் டீச்சர் எழுந்து நின்றார், துணி நனைந்தது. நிறமும் இல்லை, மூத்திர வாடையும் இல்லை. அக்கா சிஸ்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். கையை உள்ளே விடாமல், கிருமி நீக்கிய கருவியை மட்டும் வைத்து டாக்டர் பார்த்தார். தண்ணீர் தேங்கி நிற்பது தெரிந்தது. ஒரு தாளில் தொட்டார், மஞ்சள் தாள் நீலமானது. பனிக்குடம் உடைந்துவிட்டது, இனி பிரசவம் ஆகும்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். டீச்சருக்கு முகம் வெளிறிப்போனது. வகுப்பில் பரீட்சைத் தாள் திருத்தாமல் கிடக்கிறது என்று, சம்பந்தமே இல்லாமல் அதைச் சொன்னார்.

ஜன்னலோரம் மூன்றாம் கட்டில். அன்றைக்கே இடுப்பில் ஒரு ஊசி, மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று. பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்கு. கிருமி அண்டாமலிருக்கப் பத்து நாளைக்கு மாத்திரை. ஒரு நாளைக்கு நாலு முறை காய்ச்சலும் நாடித்துடிப்பும், இரண்டு முறை பிள்ளையின் இதயத்துடிப்பும் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை, வாராவாரம் ஸ்கேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் முப்பத்து நாலு வாரமாவது தள்ளிப்போட்டுப் பார்க்கலாம், நடுவில் கிருமி தொற்றியதாகத் தெரிந்தால் அதற்கு மேல் ஒரு நாளும் காத்திருக்க மாட்டோம் என்று பெரிய டாக்டர் தெளிவாகச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். டாக்டர் நகர்ந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரெல்லாம் போய்விட்டதே, பிள்ளை உள்ளே வறண்டு கிடக்காதா?

"வறண்டெல்லாம் போகாது டீச்சர். உள்ள இருக்கிற தண்ணியில பாதிக்கு மேல பிள்ளை பேஞ்ச மூத்திரந்தான். இங்க ஒழுக ஒழுக, அது அங்க பேஞ்சுக்கிட்டே இருக்கும். நீங்க நல்லாத் தண்ணி குடிங்க. அது வேலையை அது பாத்துக்கும்."

படித்த டீச்சருக்கு இது புதுச்செய்தி. இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தால் தண்ணீர் கசிகிறது என்று உடனே நிறுத்திக்கொண்டார். சிரிப்புக்குத் தடையில்லை, பயப்பட வேண்டியது வெளியே போகிற தண்ணீருக்கு இல்லை, திறந்து கிடக்கிற வழியாக உள்ளே வருகிற கிருமிக்குத்தான் என்று அக்கா விளக்கினாள். அதனால்தான் யாரும் கை வைத்துப் பார்ப்பதில்லை. தொட்டியில் உட்கார்ந்து குளிக்கக் கூடாது, நின்று ஊற்றிக்கொள்ளலாம். முன்னாலிருந்து பின்னாலாகத்தான் துடைக்க வேண்டும். படுத்தே கிடக்காமல் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கொஞ்சம் நடக்கவும் வேண்டும். பிள்ளை அசைவது வழக்கத்தைவிடக் குறைந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

டீச்சருக்கு எதையும் கணக்காகப் பார்த்தால்தான் நிம்மதி. கட்டம் போட்ட தாள் ஒன்றை வரவழைத்து, ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டத்தைச் சுற்றிக் கோடிழுத்தார். முப்பத்து நாலு வாரத்துக்கு இருபத்தைந்து நாள். ஒவ்வொரு நாள் காலையும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். பக்கத்துக் கட்டில் பெண்களும் தாள் கேட்டார்கள். சீக்கிரத்திலேயே ஜன்னலோரத்துச் சுவரில் ஐந்து தாள் ஒட்டியிருந்தது. பெரிய டாக்டர் காலையில் வந்து, இது வார்டா பள்ளிக்கூடமா என்று கேட்டுவிட்டு, எல்லாத் தாளையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் டீச்சருக்கும் அக்காவுக்கும் இழுபறி. டீச்சரின் கணவர் கடையிலிருந்து வாசனை போட்ட பஞ்சு நாப்கின் வாங்கி வந்திருந்தார். துணி தொடையில் உராய்கிறது, இது மெத்தென்று இருக்கிறது என்றார் டீச்சர். அது ஈரத்தைக் குடித்து உள்ளே மறைத்துவிடும், வாசனை வேறு எல்லா வாடையையும் அமுக்கிவிடும், வேண்டாம் என்றாள் அக்கா. டீச்சர் விடவில்லை. கடைசியில் அக்கா புதுத் துணியை எடுத்து, ஓரத்தைப் பிரித்து, தையல் உள்பக்கம் போகும்படி மடித்துத் தைத்துக் கொண்டுவந்தாள். உராயவில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லாத் துணியும் அப்படியே தைக்கப்பட்டது. நாப்கின் பொட்டலம் அலமாரிக்குள் போனது.

பத்தொன்பதாம் கட்டத்தை அடித்த நாள் காலை. முப்பத்து மூன்று வாரமும் ஒரு நாளும். அக்கா நனைந்த துணிகளை வாங்கும் தட்டோடு வந்தபோது டீச்சர் துணி எதுவும் கொடுக்கவில்லை. இன்னும் நனையவில்லை, பிறகு தருகிறேன் என்றார். பதினெட்டு நாளில் ஒருநாள்கூட அவர் துணி காலையில் நனையாமல் இருந்ததில்லை. அக்கா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். ஆனால் மனசு அங்கேயே நின்றது. அரை மணி நேரம் கழித்துக் குளியலறையைக் கழுவப் போனவள், குப்பைக் கூடையில் அடியில் திணித்துக் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தாள். சுற்றியிருந்தது கட்டம் போட்ட தாள்.

கையுறை மாட்டிக்கொண்டு பிரித்தாள். உள்ளே வாசனை நாப்கின். அதன் ஓரத்தில், பஞ்சு குடிக்காமல் விட்ட இடத்தில், லேசான பச்சை கலந்த மஞ்சள். வாசனையையும் தாண்டி ஒரு கெட்ட வாடை. எத்தனையோ வருடத்துக்கு முன்னால், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது தன்மேலேயே அடித்த வாடை அது. அவளுக்கு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பொட்டலத்தைத் தட்டில் வைத்துத் துணியால் மூடி, மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். டீச்சர் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, காய்ச்சல் இல்லக்கா. சிஸ்டர் இப்பதான் பாத்தாங்க. ஆறு கட்டந்தான் பாக்கி. ஆறே ஆறு நாள். சொல்லாதீங்க. ஒவ்வொரு நாளும் உள்ள இருந்தா அதுக்கு நல்லதுன்னு அவங்கதானே சொன்னாங்க."

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வார்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நான் அஞ்சு நாள் காத்திருந்தேன் டீச்சர்" என்றாள். "எனக்கும் முதல்ல காய்ச்சல் இல்ல. தலைப்பிள்ளை. பொண்ணு."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பிள்ளை பெண் என்பதை அந்த மருத்துவமனையில் அவள் வாயால் கேட்டவர் டீச்சர் ஒருவர்தான். பிடித்திருந்த கை தளர்ந்தது. டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. காய்ச்சல் நூறைக்கூடத் தொடவில்லை. ஆனால் நாடி நூற்றுப் பத்து, பிள்ளையின் துடிப்பு நூற்று எழுபதைத் தாண்டி ஓடியது. பெரிய டாக்டர் வயிற்றை மெல்ல அழுத்தியபோது டீச்சர் பல்லைக் கடித்தார். கிருமி உள்ளே போய்விட்டது, இனி வயிற்றைவிட வெளியேதான் பிள்ளைக்குப் பத்திரம் என்றார் டாக்டர். நரம்பு வழியாக மருந்து ஏறியது, வலி வருவதற்கும் மருந்து ஏறியது. மாலை வெயில் இறங்குவதற்கு முன்னால் பிரசவம் ஆனது. ஒரு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம். ஆண். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான், அதைக் கேட்டு அங்கிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். உடனே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு எடுத்துப் போனார்கள்.

அன்றைக்கு அக்காவின் வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழைத்துப்போக வந்த வீட்டுக்காரர் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார். சிஸ்டர் வந்து, அழுதுவிட்டான், தானாக மூச்சு விடுகிறான் என்று சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

டீச்சர் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னாள். ஆனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில்தான் பதில். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரின் கட்டிலுக்கு வந்தார். நஞ்சுக்கொடியிலும் பனிக்குடச் சவ்விலும் கிருமி பரவியிருந்தது. குழந்தையின் ரத்தத்துக்குள் இன்னும் இறங்கவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நான் உங்களிடம் வேறு செய்தியோடு வந்திருப்பேன், காய்ச்சல் வந்து நாங்கள் கண்டுபிடிக்கும்வரை அந்த அக்கா காத்திருக்கவில்லை என்றார். பூசி மெழுகுவது அவருக்குப் பழக்கமில்லை.

சிறிது நேரம் கழித்து டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, துணி மடிக்கிற அறை வாசலில் வந்து நின்றார். அக்கா தலை நிமிர்ந்தாள்.

"நான் மறைச்சிட்டேன்க்கா" என்றார் டீச்சர். "என் பிள்ளைக்கு எதிரா நானே மறைச்சிட்டேன்."

"பிள்ளைக்காகத்தான் மறைச்சீங்க. வாங்க, உக்காருங்க" என்றாள் அக்கா. "பால் எடுத்துக் குடுத்தீங்களா?"

பால் வரவில்லை, நேற்றிலிருந்து பிழிந்து பார்க்கிறேன், சொட்டுக்கூட இல்லை என்று டீச்சர் அழ ஆரம்பித்தார். அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்தாள். வெந்நீரில் ஒரு துணியை நனைத்து, ஒத்தடம் கொடுத்து, எங்கே விரலை வைத்து எப்படி அழுத்த வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. சின்னக் கிண்ணத்தின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கெட்டியான மஞ்சள் பால் சேர்ந்தது. கிண்ணத்தை டீச்சரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நடந்தார். அக்கா பின்னாலேயே போனாள், சிந்திவிடாதே சிந்திவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு.

இருபத்து நாலு நாள் அந்தப் பிரிவில் இருந்துவிட்டு, இரண்டு கிலோ முந்நூறு கிராமோடு பையன் வீட்டுக்குப் போனான். போகும்போது டீச்சர் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். வெளிநோயாளி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் மருத்துவமனையே எழுதி ஒட்டிய தாளை யாரும் படிக்கவில்லை, படித்தவர்களுக்கும் புரியவில்லை. எழுதித் தருகிறீர்களா என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் நோட்டுப் புத்தகத்தோடு நேராக அக்காவிடம் வந்து உட்கார்ந்தார். நீங்க வரிசையில என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன் என்றார். நான் சொன்னதை எல்லாம் பலகையில் எழுதுவார்களா, போங்கள் டீச்சர் என்று அக்கா மழுப்பினாள். டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வகுப்பில் பதில் தெரிந்தும் சொல்லாத பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவரும் வித்தை அவருக்குக் கைவந்தது.

பலகை வந்தது. ஆள் உயரம், வெள்ளையில் கறுப்பு எழுத்து. "உங்களுக்குத் தெரியாமல் ஈரமாகிறதா? வெட்கப்படாதீர்கள். மூத்திரம் போய்விட்டு, வெள்ளைத் துணி வைத்து, அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து நில்லுங்கள். மூத்திர வாடை இல்லாமல் நனைந்தால் பனிக்குட நீராக இருக்கலாம். வலி இல்லையென்றாலும், மாதம் ஆகவில்லையென்றாலும் அன்றைக்கே வாருங்கள். சந்தேகமாக இருந்தாலும் வாருங்கள். தண்ணீர் பச்சையாகவோ, பழுப்பாகவோ, நாற்றமாகவோ இருந்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், பிள்ளை அசைவது குறைந்தால், ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். இங்கே யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்." கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அக்காதான். அதை எழுதலாமா என்று நிர்வாகத்தில் யோசித்தார்கள். எழுதுங்கள், திட்டுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் பெரிய டாக்டர்.

அடியில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று டீச்சர் கேட்டதற்கு, அக்கா கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டாள். அதனால் "இந்த வார்டில் பல வருடமாக வேலை செய்யும் ஒருவர் சொன்னது" என்று சின்ன எழுத்தில் போட்டார்கள்.

பலகை வைத்த மறுநாள் மத்தியானம் மருத்துவமனைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த வீட்டுக்காரர், குழாயை மாட்டிவிட்டு உள்ளே வந்தார். பலகை முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்ததும், அடியிலிருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்தார்.

"ஒருவர்னு போட்டிருக்காங்க பாருங்க. யாருன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்?"

யாருக்கும் தெரியவில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அக்கா அவர் குரலைக் கேட்டுப் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்த்துவிட்டார். கையை நீட்டி, "அதோ வர்றா பாருங்க" என்றார். "எங்க வீட்ல அவதான்."

இருபது முப்பது தலை ஒரே நேரத்தில் திரும்பியது. கர்ப்பமான ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல். அக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. மானத்தை வாங்குவதற்கென்றே லாரியை எடுத்துக்கொண்டு வருகிறீர்களா, தொட்டி நிரம்பி வழியப்போகிறது, போய்க் குழாயைப் பாருங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவர் அசையவில்லை. பலகைக்குப் பக்கத்தில், தானே எழுதி வைத்தவர் மாதிரி, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அவள் மிச்சப் படிகளையும் இறங்கி வந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அந்த வரிசையின் ஓரமாக நடந்து துணிக் கிடங்குக்குப் போனாள். குறுக்கு வழியாகவும் போயிருக்கலாம். அன்றைக்கு அவள் சுற்று வழியாகத்தான் போனாள், பலகையைத் தாண்டி, மெதுவாக.